ஊர்க் கலை ராத்திரிக்குப் பறை வேணுமா வேணாமா? கமிட்டிக்குள்ள சண்டை, யோசனை சொல்லுங்க

கண்மாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்) | டிச 3, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். நான் மேலூர் பக்கத்துக் கிராமம், ஊர் பேரு வேணாம். டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகுதுன்னு 2024 கடைசியில இந்தப் பக்கமே தூக்கமில்லாமக் கெடந்துச்சுல்ல, அப்பறம் ஜனவரியில நரசிங்கம்பட்டியில இருந்து மதுரைக்கு நடந்த கூட்டத்துல நாங்களும் நடந்தோம். 2025 ஜனவரி 23 ஏலத்த ரத்து பண்ணியாச்சுன்னு சேதி வந்துச்சு, அந்த சந்தோசத்துல ஊரு எளவட்டமெல்லாம் சேந்து கண்மாய்க் கரையில ஒரு ராத்திரி ஒயிலாட்டம், சிலம்பம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரைஞ்ச படம்னு சின்னதா ஒண்ணு நடத்துனோம். மேடையெல்லாம் கெடையாது, டிராக்டர் ட்ரைலர்தான் மேடை. நல்லா வந்துச்சு.

இந்த வருசம் பொங்கல் முடிஞ்சு வர்ற சனிக்கிழமை மறுபடி வைக்கலாம்னு இருக்கோம். இப்பப் பிரச்சனை வேற. எங்க கண்மாய்க்கு தண்ணி வர்ற வரத்துக்கால்ல கல்லுக் கழிவக் கொட்டி மேடாக்கிட்டாங்க, மூணு தடவ திங்கக்கிழமை மனு குடுத்தாச்சு, ரசீது மட்டும் பத்திரமா இருக்கு. அதத்தான் பாட்டாவும் படமாவும் சொல்லலாம்னு திட்டம்.

சண்டை எங்கன்னா பறையில. கமிட்டியில பாதிப்பேரு மதுரையில இருந்து ஒரு டீம கூப்டுவோம்ங்கிறாங்க, டீசர்ட்டு போட்டு பிரமாதமா ஆடுவாங்க, காலேஜ் பசங்க. மீதிப்பேரு நம்ம ஊருலயே கீழத்தெருவுல ஆளு இருக்கும்போது எதுக்கு வெளியூருங்கிறாங்க. கீழத்தெருவுல நாலு பேருக்கு அடிக்கத் தெரியும், அதுல ஒரு தாத்தா இருக்காரு, எழுபதுக்கு மேல, அவரு கை பத்தி அந்தக் காலத்து ஆளுங்க இன்னும் பேசுவாங்க. ஆனா அவரு கையில குச்சி எடுத்து முப்பது வருசமாச்சு. போய் கேக்கலாமா? கேட்டா தப்பா? நான் எந்தத் தெருன்னு யாரும் கேக்காதீங்க, கேக்காமலே தெரிஞ்சிருக்கும்.

மைக்செட்_குமரன் | டிச 3, இரவு 10:15

கலை விசயம் பெரியவங்க சொல்லட்டும், நான் நம்ம தொழில் விசயம் சொல்றேன் தம்பி. ராத்திரி பத்து மணியோட மைக் ஆப். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் வெளியில ஸ்பீக்கர் போடக்கூடாது. திருவிழா மாதிரி நாளுக்கு பன்னெண்டு வரைக்கும் அரசாங்கம் விலக்கு குடுக்கலாம், அதுவும் வருசத்துக்கு பதினஞ்சு நாளுக்கு மேல கெடையாது, உங்க கிராமத்துக்கு அதெல்லாம் வரும்னு நம்பி உக்காராதீங்க. அதனால கலை ராத்திரின்னு பேரு வச்சுக்கங்க, ஆரம்பிக்கிறது சாயங்காலம் அஞ்சு மணிக்கு. குழாய் ஸ்பீக்கர் கட்டாதீங்க, எடுத்துட்டுப் போயிருவாங்க, பாக்ஸ் போதும்.

பறைக்கு மைக்க கிட்ட வைக்காதீங்க. நாலடி தள்ளி ஒத்த மைக்கு, அதுவும் ஓரமா. கிட்ட வச்சா என்னோட பாக்ஸ்தான் போகும். அப்பறம் தை மாசப் பனியில தோலு தொஞ்சுரும், காய்ச்சறதுக்கு வைக்கோலும் ஒரு ஆளும் தனியா வேணும், என் ஒயர் பக்கத்துல தீய மூட்டாதீங்க சாமி, ஒரு தடவ பட்டுட்டேன்.

தொன்மை_விரும்பி | டிச 3, இரவு 11:02

இதுல யோசிக்க என்ன இருக்கு? பறை தமிழனோட ஆதி இசை. தொல்காப்பியத்துல ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவைன்னு அடுக்குற வரிசையில பறையையும் வச்சிருக்கான். அஞ்சு திணைக்கும் அஞ்சு பறை இருந்த இனம். பறைன்னா சொல்லுன்னு அர்த்தம். இத எடுத்துச் சொல்லி தாத்தாவுக்குப் புரிய வைங்க, பெருமையா வந்து அடிப்பாரு. தாழ்வு மனப்பான்மைய நாமதான் போக்கணும்.

காலனிப்_பய | டிச 4, காலை 7:20

மேல உள்ள அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது. தொல்காப்பியத்துல இருந்ததுனால எங்க தாத்தாவுக்கு டீக்கடையில கிளாஸு மாறலண்ணே.

நான் சிவகங்கை பக்கம். எங்க தாத்தா அடிச்சாரு, அவுங்கப்பாவும் அடிச்சாரு. அடிச்சாருன்னா விருப்பப்பட்டு ஆடுனதா நெனைக்காதீங்க, ஊருக்குள்ள எந்த வீட்டுல எழவு விழுந்தாலும் நடு ராத்திரியானாலும் ஆளு வந்து வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்டும், போகணும், பொணம் எடுக்குற வரைக்கும் நின்னு அடிக்கணும், காய்ச்சலா இருந்தாலும் போகணும், சொந்தப் பிள்ளைக்குக் கல்யாணமா இருந்தாலும் போகணும், கூலி என்னன்னு வாயத் தொறந்து கேக்கக்கூடாது, குடுக்குற நெல்ல துண்டுல வாங்கிக்கணும், எச்சி எலையில சோறு. எங்கப்பா காலத்துல தெருவே கூடி உக்காந்து இனிமே எழவுக்கு அடிக்கிறதில்லன்னு முடிவு எடுத்தாங்க. அதுக்கு என்ன ஆச்சு தெரியுமா, ஒரு வருசம் வயல்ல வேலை கெடையாது, மளிகைக்கடையில சாமான் கெடையாது, ஆடு மாட்ட அவுங்க வரப்புல விடக்கூடாது. எங்கப்பா பறைய அடுப்புல வச்சாரு. அவரே அவரு கையால ஒடச்சு வச்சாரு. எங்கம்மா அன்னைக்கு அந்த நெருப்புல சோறு ஆக்குனுச்சுன்னு இன்னும் சொல்லும்.

அது தாழ்வு மனப்பான்மை இல்லண்ணே. அதுதான் எங்க தெருவுல நடந்த மொதப் போராட்டம். இப்ப நீங்க போயி தாத்தா வாங்க அடிங்க இது நம்ம பாரம்பரியம்னு சொன்னா அவரு காதுல என்ன விழும்னு நெனச்சுப் பாருங்க. அதே வாசல், அதே ஆளுங்க, சட்டை மட்டும் புதுசு.

தொன்மை_விரும்பி | டிச 4, காலை 8:01

அந்த அர்த்தத்துல சொல்லல தம்பி. மனசுல பட்டத சொன்னேன், தப்புன்னா மன்னிச்சுருங்க.

சலங்கை | டிச 4, மதியம் 1:48

நான் பறை அடிக்கிற பொம்பள, பதினாறு வருசமா அடிக்கிறேன். காலனிப்பய தம்பி சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்ம. ஆனா கதை அதோட நிக்கலங்கிறதையும் சேத்துச் சொல்லணும்.

திண்டுக்கல்ல 1990 வாக்குல சிஸ்டர் சந்திரா ஆரம்பிச்ச சக்தி கலைக்குழு பத்தி நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தலித் பொம்பளப் பிள்ளைங்க கையில பறையக் குடுத்தாங்க. அதுவரைக்கும் பறைய பொம்பள தொட்டு யாரு பாத்தா? எழவுக்கு அடிக்கிறதுல இழிவுன்னு ஆம்பளைங்க கீழ வச்ச அதே பறைய பிள்ளைங்க இடுப்புல சுங்கு கட்டி ரோட்டுல ஆடிக்கிட்டே எடுத்தாங்க. எங்க டீச்சர் அந்த வழி வந்தவங்க. மொத நாளு நான் வீட்டுக்கு பறையத் தூக்கிட்டு வந்தப்ப எங்கப்பா ஒரு வார்த்த பேசல, வெளிய திண்ணையிலயே வச்சுட்டு வரச்சொன்னாரு. ரெண்டு வருசம் திண்ணையிலதான் இருந்துச்சு. மூணாவது வருசம் நான் அடிக்கிறதப் பாத்துட்டு, பறையோட ஒல்லிக் குச்சியக் காட்டி, "சிண்டுக்குச்சிய இறுக்கிப் புடிக்காத, விரல்ல தொங்கணும்"னாரு. அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி பறை வீட்டுக்குள்ள வந்துருச்சு.

அதனால ரெண்டு பக்கமும் நெசந்தான். விட்டதும் போராட்டம், எடுத்ததும் போராட்டம். யாரு விடுறது, யாரு எடுக்குறதுங்குறத அவுங்கதான் முடிவு பண்ணணும். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, உங்க ஊருல இருந்து ரொம்ப தூரமில்ல. நாங்க எல்லாரும் அழுதோம் அன்னைக்கு. ஆனா பத்மஸ்ரீ வந்த மறுநாளும் ஏதோ ஒரு ஊருல யாரோ ஒருத்தரு வாசல்ல நின்னு இன்னொருத்தர பேரச் சொல்லிக் கூப்ட்டிருப்பான் எழவுக்கு.

கண்மாய்க்கரை தம்பிக்கு ஒரே கேள்வி. ஒயிலாட்டத்துக்கு எவ்வளவு குடுத்தீங்க, மைக்செட்டுக்கு எவ்வளவு, பறைக்கு எவ்வளவு எழுதி வச்சிருக்கீங்க?

கண்மாய்க்கரை | டிச 4, இரவு 8:30

அக்கா உண்மையச் சொல்றேன். மைக்செட்டு 9,000, லைட்டோட சேத்து. ஒயிலாட்ட வாத்தியாருக்கு 3,000. பறைக்கு மதுரை டீம்னா 15,000ன்னு எழுதியிருந்தோம். நம்ம ஊரு ஆளுங்கன்னா "பாத்துக் குடுத்துக்கலாம்"னு எழுதியிருக்கு. இப்பப் படிக்கும்போது எனக்கே கூச்சமா இருக்கு.

சலங்கை | டிச 4, இரவு 8:41

அந்த "பாத்துக் குடுத்துக்கலாம்"தான் தம்பி எல்லாம். மொதல்ல அத அடிச்சுட்டு நம்பரப் போடு. சரக்கு வாங்கிக் குடுத்தா போதும்னு யாராவது சொன்னா அவன கமிட்டிய விட்டே தூக்கு.

மைக்செட்_குமரன் | டிச 4, இரவு 8:55

9,000 ஆ? யாருண்ணே அது, கொள்ள அடிச்சிருக்கான் 😀

சும்மா_கேக்குறேன் | டிச 5, காலை 10:12

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். பாட்டுப் பாடி, படம் வரைஞ்சு, பறை அடிச்சு வரத்துக்கால்ல கெடக்குற கல்லு நகருமா? டங்ஸ்டன் ரத்தானது ஆயிரக்கணக்குல சனம் ரோட்டுக்கு வந்ததாலயும் ஓட்டு கணக்காலயும். கலை கிலைன்னு நீங்க ஒரு ராத்திரி சந்தோசமா இருந்துட்டு வீட்டுக்குப் போயிருவீங்க, லாரிக்காரன் மறுநாள் காலையில கழிவு கொட்டுவான். தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா கேக்குறேன்.

அறிவொளி_வாத்தியார் | டிச 5, மாலை 6:35

ரிட்டயர்டு ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம். கேள்வி நல்ல கேள்வி, அதுக்கு நான் கண்ணால பாத்தத சொல்றேன், நீளமாயிரும், பொறுத்துக்கணும்.

1991ல எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் வந்தது, பெரியவங்களுக்கு எழுதப் படிக்கக் கத்துக்குடுக்குறது. அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். படிக்க வாங்கன்னு மைக்குல கூப்ட்டா எவன் வருவான், பகலெல்லாம் கல்லு ஒடைச்சிட்டு வர்ற சனம். அதனால கலைப்பயணம்னு குழு குழுவா கெளம்புனோம். ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு டேப்பு மேளம், ஒரு டோலக்கு. மேடை இல்ல, மைக் இல்ல, ஊரு மந்தையில வட்டமா நின்னு நாடகம் போட்டா வட்டம் தானா நெறஞ்சுரும், நாடகம் முடிஞ்ச எடத்துலயே பேரு எழுதிக்குவோம். அப்பறம் சைக்கிள் வந்தது. பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கணும்னு எங்க ஆளு ஒருத்தரு பாட்டு கட்டுனாரு, அந்தப் பாட்டு ஊரு ஊரா எங்களுக்கு முன்னாடியே போய்ச் சேந்துருக்கும். மாவட்டம் முழுக்க பொம்பளைங்க சாயங்காலம் மைதானத்துல விழுந்து எந்திரிச்சு ஓட்டுனாங்க. லேடீஸ் சைக்கிள் கடையில தீந்து போயி ஜென்ட்ஸ் சைக்கிளயே வாங்குனாங்க, முன்னாடி கம்பியில பிள்ளைய உக்கார வைக்கலாம்னு அதுல ஒரு வசதி வேற. பத்திரிகையாளர் சாய்நாத் வந்து பாத்துட்டுப் போயி எழுதுனாரு, உலகத்துக்கே தெரிஞ்சது.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அதே சமயத்துலதான் எங்க மாவட்டத்துல கல்குவாரிக் குத்தகைய, அங்க கூலிக்குக் கல்லு ஒடைச்சிட்டிருந்த பொம்பளைங்களோட குழுக்களுக்கே குடுத்தாங்க. கான்ட்ராக்டருங்க சும்மா இருந்தாங்களா, இல்ல. அந்தப் பொம்பளைங்க சாயங்காலம் எழுத்துக் கூட்டிக் குத்தகை சீட்டப் படிச்சாங்க, காலையில சைக்கிள எடுத்துட்டு ஆபீசுக்குப் போனாங்க. பாட்டு கல்ல நகத்தல, சரிதான். பாட்டுக்கு வந்து நின்ன பொம்பள நகத்துனா.

ஒரு குறையும் சொல்லிர்றேன். அறிவொளி முடிஞ்சதும் குழுவெல்லாம் கலஞ்சுபோச்சு. எங்களோட வந்த கலைஞருங்கள்ல சில பேரு பாட்ட விட்டுட்டு திருப்பூர் போயிட்டாங்க. அவுங்களுக்கு நாங்க ஒண்ணும் செய்யல, அது எனக்கு இன்னும் உறுத்துது. கலைஞர் நலவாரிய அட்டையெல்லாம் பின்னாடி வந்தது.

சும்மா_கேக்குறேன் | டிச 5, இரவு 7:10

வாத்தியாரே, அது அரசாங்கமே பின்னாடி நின்னு செஞ்சது. கலெக்டரே உங்க பக்கம். இவுங்களுக்கு கலெக்டர் ஆபீஸ்ல ரசீதுதான் கெடைக்குது. அரசாங்கத்துக்கு எதிரா பாடுனா என்ன ஆகும்னு கோவன் கைதப் பாத்தோம்ல.

வக்கீல்_வண்டி | டிச 5, இரவு 9:26

கோவன் விசயம் தெரியாதவங்களுக்கு: ம.க.இ.க.ன்னு சொல்ற மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர், திருச்சிக்காரர். டாஸ்மாக்க மூடச் சொல்லிப் பாடுனதுக்கு 2015 அக்டோபர் 30 விடியறதுக்கு முன்னாடி வீட்டுல வச்சு புடிச்சாங்க, தேசத்துரோகப் பிரிவு 124ஏ போட்டாங்க. புடிச்ச பிறகுதான் அந்தப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் போன்ல ஓடுச்சு, விளம்பரம் பண்ணிக் குடுத்ததே போலீசுதான்.

நாடகத்துக்கு இன்னொரு சமாச்சாரம் இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. 1954ல ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டம் போட்டாங்க இங்க, எம்.ஆர்.ராதா நாடகத்த முடக்கத்தான் வந்ததுன்னு சொல்லுவாங்க. நாடகம் போடணும்னா வசனத்த முன்னாடியே குடுன்னு போலீசு கேக்குறதுக்கு அதுதான் கையில இருந்த ஆயுதம். நாடகக்காரர் ஞாநி கோர்ட்டுக்குப் போனாரு, 2013ல சென்னை உயர் நீதிமன்றம் அதோட முக்கியமான பிரிவுகள செல்லாதுன்னு சொல்லிருச்சு. ஆக ஸ்டேஷன்ல பாட்டு வரிய எழுதிக் குடுன்னு கேட்டா பணிவா ஆனா தெளிவா பேசுங்க தம்பி. மைக் அனுமதி, எடம் யாரோடது, கூட்டம் எவ்வளவு, எத்தன மணி வரைக்கும், இதுக்குத்தான் மனு. குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி குடுங்க, நகல்ல சீல் வாங்குங்க. கடைசி நாள்ல மறுத்தா ஹைகோர்ட் மதுரை கிளைக்குப் போகக்கூட நேரமிருக்காது, அதுக்காகவே கடைசி வரைக்கும் இழுப்பாங்க.

எந்தக் கம்பெனி பேரையும் ஆளு பேரையும் பாட்டுல போடாதீங்க. கண்மாய் எது, சர்வே எண் எது, மனு குடுத்த தேதி எது, இத மட்டும் பாடுங்க. சர்வே எண்ணுல பாட்டு கட்டுறது கஷ்டம்தான் 😀 ஆனா கேக்க நல்லாருக்கும்.

வாவிக்கரையான் | டிச 6, காலை 6:50

வணக்கம். நான் மட்டக்களப்பு. இந்த இழையை ராவு முழுக்க வாசிச்சுப் போட்டு எழுதுறன். எங்கட பக்கமும் பறைமேளக் கூத்து எண்டு ஒண்டு இருக்கு. சாதியைச் சொல்லித் தள்ளி வைச்சது இங்கயும்தான், அதனால கன பேர் இந்த வேலையே வேணாமெண்டு விட்டுட்டாங்க. மறுகா பல்கலைக்கழகப் புள்ளயள் பறையைக் கையில எடுத்த நேரமும் இதே கேள்விதான் வந்தது, யாருக்காக எடுக்கிறீங்க எண்டு.

சீலாமுனையில ஜெயசங்கர் சேரும் ஊராக்களும் கூத்தை மீளுருவாக்கம் எண்டு செய்தது உங்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறன். வெளியில இருந்து வந்து திருத்தல்ல. கூத்துப் பழக்கிற அண்ணாவியாரோடயும் ஊராக்களோடயும் சேர்ந்து இருந்து, பொம்புளயளையும் சாதியையும் இழிவாச் சொல்ற இடங்களைப் பற்றி கதைச்சுக் கதைச்சு அவங்களே மாத்தினாங்க. கன காலம் எடுத்தது. ஒரு ராவுக்கு ஆள் பிடிக்கிற அவசரத்துல இது நடக்காது தம்பி.

கண்மாய்க்கரை | டிச 9, இரவு 10:58

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குப் போனேன். தனியாத்தான் போனேன், கமிட்டிய கூட்டிட்டுப் போகல. வாசல்ல நின்னு கூப்புடாம அவுங்க பேரன வச்சு முன்னாடியே சொல்லிட்டுப் போனேன், காலனிப்பய எழுதுனது மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு.

தாத்தா கட்டில்ல உக்காந்திருந்தாரு. என்னைய சேர்ல உக்காரச் சொன்னாரு. நான் சொல்ல வந்ததெல்லாம் கேட்டாரு, வரத்துக்கால் பத்தி என்னைய விட அவருக்குத்தான் நல்லாத் தெரியுது, எந்த மடை எந்த வருசம் கட்டுனதுன்னு சொல்றாரு. கடைசியில பறை விசயத்த சொன்னேன்.

"அடிக்க மாட்டேன்"னாரு. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்பறம் அவரே, "உங்க தெருப் பயலுக நாலு பேர அனுப்பு. நான் கத்துத் தாரேன். ஆனா சாமி அடி மட்டும் கத்துக்கிட்டு ஓடிரக்கூடாது, எழவு அடியும் சேத்துத்தான் கத்துக்கணும். உங்க கண்மாய்க்கு உங்க பயலுகளே அடிக்கட்டும்"னாரு.

நான் சரின்னுட்டு வந்துட்டேன். இப்ப வீட்டுல உக்காந்து யோசிச்சா எங்க தெருவுல எவன் வீட்டுல இதச் சொல்ல முடியும்னு தெரியல.

காலனிப்_பய | டிச 9, இரவு 11:07

தாத்தா கிங்கு.

காலனிப்_பய | டிச 9, இரவு 11:09

சும்மா சொல்லலண்ணே, படிச்சுட்டு எந்திரிச்சு வெளிய போயி நின்னுட்டு வந்தேன். எங்கப்பாகிட்ட போன் போட்டு படிச்சுக் காட்டுனேன். ஒண்ணுமே சொல்லல, "எந்த ஊரு"ன்னு மட்டும் கேட்டாரு.

சலங்கை | டிச 10, காலை 6:15

தம்பி, எழவு அடிதான் கஷ்டம். கைக்குச் சொல்லல, மனசுக்கு. அவரு தெரிஞ்சுதான் கேட்டிருக்காரு. பயலுக வந்தா மொத ஒரு வாரம் பறையக் குடுக்காம தொடையில தட்டித்தான் பழக்குவாரு, வெறுத்துப் போயி ஓடுவானுக, ஓடட்டும். கத்துக்குடுக்குறதுக்கும் காசு உண்டு, அத மறந்துராத. பழகுறதுக்கு பைபர் பறை வாங்குனா பனிக்குத் தொய்யாது, ஆனா அவரு அத தொடுவாராங்கிறது சந்தேகம். தோல் பறைன்னா வேப்பங்கட்டை சட்டம், புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டுனதா பாத்து வாங்கு.

அறிவொளி_வாத்தியார் | டிச 10, காலை 9:30

நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ.குணசேகரன் ஞாபகம் வருது. சிவகங்கைச் சீமையில மாறந்தைக்காரர். கவிஞர் இன்குலாப் எழுதுன மனுசங்கடா பாட்ட அவரு மேடைக்கு மேடை பாடிக் கேட்டவன் நான். நாங்க அறிவொளிக் குழுவுல அந்தப் பாட்டப் பாடுனப்ப ஊர்த்தெருப் பிள்ளைங்களும் சேந்து கத்திப் பாடும், பாடி முடிச்சிட்டு தண்ணி குடிக்க மட்டும் அதது அதது தெருவுக்குப் போயிரும். தாத்தா அந்தத் தண்ணி விசயத்தக் கேக்குறாருன்னு எனக்குப் படுது.

மைக்செட்_குமரன் | டிச 10, காலை 11:44

நான் மேலூர்ல ஒரு பார்ட்டி சொல்றேன், 6,500க்கு முடிச்சுத் தருவான். தனிச்செய்தியில வாங்க. ஜெனரேட்டர் டீசல் உங்க கணக்கு.

கண்மாய்க்கரை | ஜன 19, இரவு 9:20

முடிஞ்சது. கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், கேட்டவங்க நெறைய பேரு.

பழக எங்க தெருவுல இருந்து ஆறு பேரு போனோம், நானும் ஒருத்தன். ஒரு வாரத்துல மூணு பேரு வர்றத நிறுத்தியாச்சு, ஒருத்தனுக்கு கை வலி, ரெண்டு பேருக்கு வீட்டுல வலி. ஒரு அம்மா வந்து கீழத்தெரு முக்குலயே நின்னு மகன காதப்புடிச்சு இழுத்துட்டுப் போச்சு, தாத்தா பாத்துக்கிட்டேதான் இருந்தாரு, ஒண்ணும் சொல்லல, எங்களப் பாத்து "ம், அடிங்க"ன்னாரு. மிச்சம் மூணு பேரு. அதோட கீழத்தெருப் பிள்ளைங்க அஞ்சு, அதுல ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. அதுங்களுக்கு ரெண்டு நாள்ல வந்துச்சு, எனக்கு மூணு வாரமாகியும் சிண்டுக்குச்சி தனியாத்தான் பேசுது.

அனுமதி ஒன்பதரை வரைக்கும் குடுத்தாங்க. பாட்டு வரிய கேட்டாங்க, வக்கீல் அண்ணன் சொன்ன மாதிரி பேசுனேன், விட்டுட்டாங்க, ஆனா ரெண்டு பேரு மப்டியில வந்து முன்வரிசையில உக்காந்து வீடியோ எடுத்தாங்க, நாங்க டீ குடுத்தோம். பள்ளிக்கூடச் சுவத்துல பிள்ளைங்க வரத்துக்கால் படத்த வரைஞ்சுருக்காங்க, மலையில இருந்து கண்மாய் வரைக்கும் ஒரே நீளமா, நடுவுல தேவாங்கு, எறும்புதின்னி, வல்லூறு. அரிட்டாபட்டிய 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சப்ப வந்த பேருங்கள டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க. கல்லுக் கழிவு கொட்டுன எடத்துல மட்டும் ஒண்ணும் வரையாம வெள்ளையாவே விட்டுருக்குங்க. யாரு சொன்னான்னு கேட்டேன், பெயிண்டு தீந்துபோச்சாம்.

சர்வே எண் பாட்டு கட்டியாச்சு! ஒயிலாட்ட மெட்டுல சரியா உக்காந்துச்சு. மூணு மனுவோட தேதியும் அதுல இருக்கு.

பறை கடைசியில வச்சிருந்தோம். எட்டு பேரு நின்னோம். தாத்தா முன்னாடி சேர்ல. சாமி அடி நல்லா வந்துச்சு, விசில் பறந்துச்சு. அப்பறம் அவரு கைய காட்டுனாரு, எழவு அடி. அடிச்சோம். செத்துப் போன வரத்துக்காலுக்குன்னு ஒரு அறிவிப்பு எழுதி வச்சிருந்தோம், மைக்குல சொல்ல வேண்டியவன் சொல்லவே இல்ல, நின்னுட்டான். எங்க தெருப் பெரியாளுங்க பாதிப்பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மீதிப்பேரு உக்காந்திருந்தாங்க. அவ்வளவுதான் நடந்துச்சு. ஒன்பதரைக்கு லைட்ட அணைச்சாச்சு.

தாத்தா குச்சியத் தொடல. தீ காய்ச்ச மட்டும் வந்தாரு, தோல காதுகிட்ட வச்சு தட்டிப் பாத்து ஒவ்வொண்ணா குடுத்தாரு.

கணக்கு: வரவு 31,200, வீட்டு வசூலும் சென்னையில இருக்குற பயலுக போட்டதும். மைக்செட்டு 6,500 (குமரன் அண்ணே நன்றி), டீசல் 1,100, ஒயிலாட்டம் 3,000, தாத்தாவுக்குப் பயிற்சிக்கு 8,000, வாங்க மாட்டேன்னாரு, கவர்ல போட்டு பேத்திகிட்ட குடுத்தோம். பறை நாலு, பெயிண்டு, டீ எல்லாம் சேத்து 11,460. மிச்சம் 1,140.

சும்மா_கேக்குறேன் | ஜன 19, இரவு 9:51

நல்லாருக்கு, நெசமாத்தான் சொல்றேன். ஆனா கல்லு?

கண்மாய்க்கரை | ஜன 19, இரவு 10:02

கல்லு அங்கதான் இருக்கு. வி.ஏ.ஓ. வந்து பாத்துட்டுப் போயிருக்காரு. நாலாவது மனு வர்ற திங்கக்கிழமை, இந்தத் தடவ கீழத்தெருவுல இருந்தும் இருபது பேரு வர்றாங்க. போன மூணு தடவையும் நாங்க அவுங்களக் கூப்புடவே இல்ல.

காலனிப்_பய | ஜன 19, இரவு 10:20

ஒண்ணு கேக்குறேன், சங்கடமா இருந்தா பதில் வேணாம். உங்க தெருவுல அடுத்த எழவு விழுந்தா நீங்க மூணு பேரும் அடிப்பீங்களா?

கண்மாய்க்கரை | ஜன 19, இரவு 11:34

அன்னைக்கே பேசுனோம். ஒருத்தன் அடிப்பேங்கிறான், அவுங்கப்பா கால ஒடிப்பேங்கிறாரு. இன்னொருத்தன் பேச்ச மாத்துறான். நான்... எங்க அப்பத்தா படுத்த படுக்கையா இருக்கு. அதுகிட்டயே கேக்கலாம்னு இருக்கேன்.

சலங்கை அக்கா, ஒரு பறையில தோலு சட்டத்துகிட்ட கிழிஞ்சுருச்சு, நான்தான் அதிகமா காய்ச்சிட்டேன். 1,140 ரூபாய்க்குள்ள தோலு மாத்திக் குடுக்குற ஆளு மதுரைப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா? தாத்தாகிட்ட காட்ட பயமா இருக்கு.

சலங்கை | ஜன 20, காலை 6:02

அவருகிட்டயே காட்டு. திட்டு வாங்கு.